10-க்கு 12 அடிக் கொல்லையில் ஜப்பானிய முறைத் தோட்டம் வருமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் தனி வீடு. பின்பக்கம் 10 அடிக்கு 12 அடி திறந்தவெளி, மூன்று பக்கமும் சுவர், காலையில் மூன்று மணி நேரம் வெயில். படங்களில் பார்த்த பாறை, கோடு இழுத்த மணல், பச்சைப் பாசி, மூங்கில் குழாயில் சொட்டும் தண்ணீர் எல்லாம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. வேலை எடுத்துச் செய்பவர் கொடுத்த மதிப்பீட்டிலோ வெள்ளைக் கூழாங்கல், பிளாஸ்டிக் புல், புத்தர் சிலை, சிவப்பு மரப்பாலம் இருக்கின்றன. இது சரியா, நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தத் தோட்டத்தை அந்தத் தோட்டமாக்குவது எது என்பது ஒன்று. அதில் எவ்வளவு கோவைக்கு வரும் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் தெரிந்துவிட்டால் இரண்டாவது எளிது. மண்ணில் சரியாக அமர்ந்த மூன்று கற்கள், சுத்தமான சரளைப் படுகை, உள்ளே வெளிச்சம் புகும்படி கத்தரித்த ஒரு மரம், எதுவும் வைக்காமல் விட்ட இடம்: இந்த நான்கும்தான் தோட்டம். இவற்றில் எதுவும் ஜப்பானியக் குளிரை நம்பியில்லை. தட்பவெப்பத்தை முழுக்க நம்பியிருப்பது பாசி மட்டுமே.

இடம் சிறிது என்ற கவலை வேண்டாம். கியோட்டோவின் பழைய வணிகர் வீடுகள் தெருவைப் பார்த்த முகப்பில் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் கட்டப்பட்டவை. நடுவில் வெளிச்சமும் காற்றும் வர ஒரு சிறு முற்றம் விடுவார்கள். அங்கே அமைக்கும் தோட்டத்துக்குச் சுபோநிவா என்று பெயர். ஒரு சுபோ என்பது 3.3 சதுர மீட்டர், அதாவது சுமார் 36 சதுர அடி. உங்களிடம் இருப்பது 120 சதுர அடி, மூன்று சுபோவுக்கும் மேல். அதே கியோட்டோவில், தைதோகுஜி என்ற கோயில் வளாகத்தில் உள்ள ரியோகென்-இன் கோயிலில், இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய பட்டையில் 1958-இல் தோதெகிகோ என்ற கல் தோட்டம் அமைத்தார்கள். கல்லும் சரளையும் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டிய மாதிரி அதுதான். பெரிய குளமும் பாலமும் உள்ள நடைத் தோட்டங்களை 10 அடிக்குள் சுருக்க முயன்றால் பொம்மை வீடாகிவிடும்.

மண்வெட்டி எடுப்பதற்கு முன் தரைக்கடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் செப்டிக் டேங்க், சம்ப், கழிவுநீர் சேம்பர் எல்லாம் பெரும்பாலும் கொல்லையில்தான் இருக்கும். டேங்க் மூடியின் மேலோ அதன் சுவரை ஒட்டியோ பெரிய கல்லை இறக்கக் கூடாது. சேம்பர் மூடியைச் சரளையால் மறைக்கலாம், ஆனால் அரை மணி நேரத்தில் ஒதுக்கித் திறக்கும்படி இருக்க வேண்டும். அடுத்தது மட்டம். சரளையின் மேல்மட்டம் வீட்டின் உள்தரையைவிடக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்கட்டும். இல்லையென்றால் ஐப்பசி மழையில் சுவர் ஈரம் இழுக்கும். மூன்றாவது, மண்ணின் வகை. கோவையில் பல பகுதிகள் கரிசல். கரிசல் ஈரத்தில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதில் நட்ட கல் இரண்டே பருவத்தில் சாய்ந்துவிடும். உங்களுடையதும் கரிசல் என்றால், கல் வரும் இடங்களில் மட்டும் இரண்டடி ஆழம் வெட்டி எடுத்துவிட்டுச் சரளை மண் நிரப்பித் திமிசு போட்டுக்கொள்ளுங்கள். நான்காவது கோரை. அதன் கிழங்கு மண்ணில் இருந்தால், களை தடுக்க விரிக்கும் எந்தத் துணியையும் முளை துளைத்துக்கொண்டு வரும். மேல் 8 அங்குல மண்ணைக் கொத்திச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்குவது அலுப்பான வேலைதான். அதை இப்போது செய்யாவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும். துணி காயப்போடும் கொடியும் பாத்திரம் கழுவும் இடமும் இந்தக் கொல்லையில்தான் என்றால், வீட்டில் எல்லோரிடமும் பேசி அவற்றுக்கு வேறு இடம் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

வேலையைக் கல்லிலிருந்து ஆரம்பியுங்கள், செடியிலிருந்து அல்ல. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சகுதெய்கி என்ற ஜப்பானியத் தோட்டக் கையேட்டில் இன்றும் மாறாத விதி ஒன்று உண்டு: இயற்கையில் படுத்துக் கிடந்த கல்லை நிமிர்த்தி வைக்காதே, நின்ற கல்லைக் கிடத்தாதே. முதலில் தலைமைக் கல்லை வைத்து, அது கேட்கிறபடி மற்றவற்றை வைக்கச் சொல்வதும் அந்த நூல்தான். உங்கள் இடத்துக்கு மூன்று கல் போதும். மூன்றும் ஒரே வகைக் கல்லாக, ஒரே இடத்தில் கிடைத்தவையாக இருக்க வேண்டும். கருங்கல் ஒன்று, செம்பாறை ஒன்று, வெள்ளைக்கல் ஒன்று என்று கலந்தால் கல் கடைக் காட்சியாகிவிடும். குவாரியில் புதிதாக உடைத்த கல்லில் துளை போட்ட தடமும் கூர்மையான வெட்டும் தெரியும், அது வேண்டாம். வயலில் உழும்போது எடுத்து வரப்போரம் போட்ட கற்கள், வெயிலும் மழையும் பட்டு மேற்பரப்பு கறுத்து, இடையிடையே சாம்பல் படிந்தாற்போல் பூத்திருக்கும். அவைதான் வேண்டும். நிலத்துக்காரரிடம் கேட்டு, விலை கொடுத்து எடுங்கள். மலையடிவாரக் காட்டிலும் ஓடையிலும் கல் எடுப்பது சட்டப்படி குற்றம்.

அளவு சொல்கிறேன். கதவருகே உட்கார்ந்து எட்டு பத்து அடி தூரத்தில் பார்க்கப்போகிறீர்கள். தலைமைக் கல் மண்ணுக்கு மேல் 18 முதல் 20 அங்குலம் தெரிந்தால் போதும். இரண்டாவது 10 அங்குலம். மூன்றாவது தட்டையாக, 5 அங்குலம். ஒவ்வொன்றிலும் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். ஆகவே தலைமைக் கல் 28 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். கருங்கல் ஒரு கன அடி 75 கிலோ. ஒழுங்கற்ற வடிவத்தைக் கழித்துப் பார்த்தாலும் அந்த ஒரு கல்லே 150 கிலோவைத் தாண்டும். உங்கள் வீட்டுப் பக்கச் சந்து எத்தனை அடி அகலம், தள்ளுவண்டி திரும்புமா என்று கல் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். செயின் பிளாக்கும் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) முக்காலியும் வைத்து இறக்கத் தெரிந்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும். நான்கு பேர் கையால் தூக்கினால் விரல் நசுங்கும்.

எந்த இடத்தில் வைப்பது என்பதைக் கல் வருவதற்கு முன்பே முடிவு செய்யலாம். பழைய சிமென்ட் பையில் வைக்கோலோ சருகோ திணித்து மூன்று பொதி கட்டி, கல்லின் அளவில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் உட்காரும் இடத்திலிருந்து பார்த்து நகர்த்திக்கொண்டே இருங்கள். நட்ட நடுவில் எதுவும் வேண்டாம். தலைமைக் கல் பின்சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, அகலத்தில் மூன்றில் ஒரு பங்குப் புள்ளியில் இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து, பக்கங்கள் சமமில்லாத முக்கோணமாக அமையட்டும். மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் மைல்கல்தான்.

நடும்போது, கல்லைவிடச் சுற்றிலும் நான்கு அங்குலம் அகலமாகக் குழி வெட்டுங்கள். அடியில் உடைகல் இரண்டு அங்குலம் போட்டு இடியுங்கள். கல்லை இறக்கிக் கடப்பாரையால் நெம்பித் திருப்பி, சாய்வு திருப்தியாகும் வரை முட்டுக் கொடுங்கள். இங்கே எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கல்லின் அகலமான இடுப்புப் பகுதி மண் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். இடுப்பு மேலே தெரிந்து, அடியில் உள்ளே ஒடுங்குவதும் தெரிந்தால், எவ்வளவு நல்ல கல்லும் யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனதாகத்தான் இருக்கும். இடுப்பு புதைந்தால் கீழே பெரும் பாறை ஒன்று இருப்பதாகக் கண் நம்பிவிடும். பிறகு கைப்பிடி அளவு உடைகற்களை இடுக்குகளில் அடித்து, கைப்பிடி கைப்பிடியாக மண் போட்டு, கம்பின் மொட்டை முனையால் குத்திக் கெட்டிப்படுத்துங்கள். சிமென்ட் வேண்டாம். இரண்டு கையாலும் தள்ளிப் பார்க்கும்போது துளி அசைந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி நட வேண்டும். அரைகுறையாக விட்டால் ஒரு நாள் குழந்தையின் காலில் விழும்.

கல் முடிந்த பிறகே படுகை. 120 சதுர அடியில் சரளைக்கு 70 சதுர அடி ஒதுக்கலாம். மீதி கல், செடி, கூரைத் தண்ணீர் விழும் பட்டை. அந்த 70 சதுர அடியை 5 அங்குலம் தோண்டி, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் வாட்டம் கொடுங்கள். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் வரும். கடைசி மூலையில் கம்பி வலை போட்ட வடிகுழாய் அவசியம். மேலே கிரஷர் டஸ்ட், அதாவது ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள், 3 அங்குலம் போட்டு, லேசாக நனைத்துத் திமிசால் இடித்து, அதன்மேல் தண்ணீரை இறங்கவிடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். தண்ணீர் அடியில் தேங்கி ஒரே மழையில் நாறும். துணிமேல் கால் அங்குல ஜல்லி, அதாவது சுமார் 6 மி.மீ. சிப்ஸ், 2 அங்குல கனத்துக்கு. கணக்கு 12 கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். சேதாரத்தோடு 13 கன அடி, சுமார் 550 கிலோ. ஒரு யூனிட் 100 கன அடி என்பதால் லோடு வாங்கத் தேவையில்லை. மூட்டையாகக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். வாங்கியதைச் சல்லடையில் கொட்டி, தண்ணீர் தெளிவாக ஓடும் வரை கழுவிவிட்டுப் பரப்புங்கள். கழுவாத ஜல்லியின் தூசு அடியில் இறங்கி இறுகிவிடும். பல் வைத்த வாரியால் கோடு இழுக்க முடியாது, களை விதையும் அங்கேதான் வேர் பிடிக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கியோட்டோவில் போடும் ஷிரகாவா சரளை வெள்ளை என்று சொல்லப்பட்டாலும் பால்வெள்ளை அல்ல. கறுப்பு அபிரகம் கலந்த கிரானைட் பொடித்தது, சாம்பல் சாயல் கொண்டது. வெள்ளை மார்பிள் சிப்ஸை மூன்று சுவருக்கு நடுவே போட்டால் காலை வெயிலிலேயே கண் கூசும். ஒரு மழைக்குப் பின் பச்சையும் பழுப்புமாகக் கறை ஏறும். சாதாரணக் கருங்கல் ஜல்லியின் நீலச் சாம்பல்தான் நம் வெயிலுக்கு இதமானது, விலையும் குறைவு. வழவழப்பான கூழாங்கல்லில் கோடு நிற்காது, உருண்டு சரிந்துவிடும். முனையுள்ள உடைகல்லில்தான் நிற்கும். நைசான மணலும் வேண்டாம். காற்றில் பறக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, தெருப் பூனைகள் அதைக் கழிப்பறையாக்கிக்கொள்ளும். 6 மி.மீ. உடைகல்லைப் பூனைகள் பெரும்பாலும் விரும்புவதில்லை.

வாரியைத் தச்சரிடம் செய்துகொள்ளலாம். 16 அங்குல நீளம், முக்கால் அங்குல கனமுள்ள தேக்குப் பலகையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு பல் என்று வெட்டி, ஐந்தடிக் காம்பு போடச் சொல்லுங்கள். பல் ஒன்றரை அங்குல ஆழம் இருந்தால் ஓர் அங்குலப் பள்ளம் விழும், துணி கிழியாது. முதலில் கற்களைச் சுற்றி வளையம், பிறகு நேர்கோடுகள், பின்னோக்கி நடந்தபடி இழுக்க வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்தபின் இழுத்தால் விளிம்பு உதிராது.

இனி பாசி. இதில் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். சைஹோஜி கோயிலில் சுமார் 120 வகைப் பாசி வளர்கிறது என்றால், கியோட்டோவில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. அளவில் மழை, நிழல், தேங்காத ஈரம் எல்லாம் சேர்ந்ததால்தான். கோவைக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். உங்கள் சுவரில் மழைக்காலத்தில் வரும் பாசி கோடையில் பழுப்பாகிவிடும். அது செத்துவிட்டது என்று சுரண்ட வேண்டாம். பல வகைகள் காய்ந்து கிடந்து, மழை வந்ததும் மறுபடி பச்சையாகும். அதை விருந்தாளியாக வைத்துக்கொள்ளுங்கள், தரைவிரிப்பாக நம்ப வேண்டாம். போர் தண்ணீரைத் தெளித்து வளர்க்கப் பார்த்தால் உப்புப் படிந்து கருகும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, பாசிக்குப் பொருந்தும். ஆனால் குடிநீரைக் கோடையில் தினம் மூன்று வேளை தரையில் தெளிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மோரில் பாசியை அரைத்துப் பூசினால் வளரும் என்ற யோசனை எங்கும் சுற்றுகிறது. அதை நம்பிச் செலவழிக்க வேண்டாம். நம் வெப்பத்தில் முதலில் வருவது பூஞ்சணம்தான்.

பாசிக்குப் பதில் குட்டை மாண்டோ புல் போடுங்கள். இது சமாதானத்துக்குச் சொல்லும் மாற்று அல்ல, ஜப்பானியத் தோட்டங்களிலேயே நிழல் தரைக்குப் போடும் செடி. மூன்று அங்குல உயரம், கரும்பச்சை, வெட்டவே தேவையில்லை. செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து 6 அங்குலம் நிரப்பி, 4 அங்குல இடைவெளியில் நட்டால் சதுர அடிக்கு ஒன்பது செடி. 20 சதுர அடிக்கு 180. மூடுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும், அதுவரை களை பொறுக்க வேண்டும். உச்சி வெயில் விழும் இடத்தில் நுனி கருகும். கொரியன் புல் பாசி மேடுகளைப் போலவே குமிழ் குமிழாக வளரும், ஆனால் அதற்கு ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. உங்கள் மூன்று மணி நேரத்தில் மெலிந்து திட்டுத் திட்டாகப் போய்விடும்.

மரம் ஒன்றே ஒன்று. ஜப்பானியக் கறுப்புப் பைன் சமவெளியில் வேண்டாம். ஜூனிபரும் நம் மழைக்கால ஈரத்தில் வேரழுகிப் போவது வழக்கம். பொடோகார்பஸ் வையுங்கள். ஜப்பானிலும் இதை வீட்டுத் தோட்டத்தில் வைத்துக் கத்தரிக்கிறார்கள், வெப்பத்தையும் தாங்கும், மெதுவாக வளரும். ஆரஞ்சு ஜாஸ்மின் என்று நர்சரியில் விற்கும் காட்டுக்கறிவேப்பிலையும் அழகுதான், பூ மணக்கும். ஆனால் வீட்டில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால் அதைத் தவிர்க்கவும். எலுமிச்சையைத் தாக்கும் சைலிட் பூச்சி இதிலும் பெருகும். ஃபைகஸ் வகை எதுவும் வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும். கத்தரிக்கும்போது மேலே பந்தாக வெட்டிவிட்டால் உள்ளே இலை காய்ந்து கூடாகிவிடும். அதற்குப் பதில் உள்பக்கம் குறுக்கே போகும் கிளை, நேர் மேலே போகும் கிளை, நேர் கீழே தொங்கும் கிளை ஆகியவற்றை அடியோடு எடுங்கள். மரத்தின் வழியே பின்சுவர் அங்கங்கே தெரிய வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே தடவையில் கால்பங்குக்கு மேல் எடுக்காமல். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

தண்ணீருக்கு மோட்டாரும் மூங்கில் குழாயும் தேவையில்லை. உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ பழைய ஆட்டுக்கல் கிடக்கும். அதன் குழிதான் உங்கள் தண்ணீர்த் தொட்டி. பழைய எந்திரக்கல், தூண் அடிக்கல் போன்றவற்றைத் தோட்டத்தில் மறுபடி பயன்படுத்துவது ஜப்பானியரின் பழக்கமும்கூட. அதைப் பாதிக்குமேல் புதைக்காமல் தாழ்வாக வைத்து, சுற்றிலும் கூழாங்கல் போட்டு, வழியும் தண்ணீர் வடிகாலுக்குப் போகும்படி செய்யுங்கள். கொசுவைப் பற்றி அலட்சியம் வேண்டாம். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும், முட்டை குழியின் சுவரில் ஒட்டியிருக்கும். வாரம் இரண்டு முறை தண்ணீரை இறைத்துவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முடியாது என்றால் குழியை வெறுமையாக வைக்காமல் கூழாங்கல்லால் நிரப்பிவிடுங்கள்.

மூங்கிலைச் செடியாக நட வேண்டாம். தரையில் விட்டால் நம் ஊர் மூங்கில் 30 அடி போகும், தினமும் சருகைக் கொட்டும். சுவரை மறைக்கத் தட்டியாக வைக்கலாம். பச்சை மூங்கிலை அப்படியே கட்டினால் ஓராண்டில் உளுத்து மாவு கொட்டும். 10 லிட்டர் தண்ணீரில் போராக்ஸ் 300 கிராம், போரிக் அமிலம் 200 கிராம் கரைத்து, கணுத் தடுப்புகளைக் கம்பியால் துளைத்து ஒரு வாரம் ஊறவைத்து நிழலில் காயவையுங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறும் என்பதால் அடிமுனை மண்ணில் படாமல் மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். அப்படியும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும், ஜப்பானிலும் மாற்றுகிறார்கள்.

மதிப்பீட்டில் இருக்கும் சிலை, பாலம், பிளாஸ்டிக் புல் மூன்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அங்குள்ள கோயில் தோட்டங்களில் புத்தருக்கு இடம் சன்னதிக்குள். வெளியே நிமிர்ந்த மூன்று கற்களின் தொகுப்பே புத்தரையும் அவருக்கு இருபுறமும் நிற்கும் இருவரையும் குறிக்கும். கீழே கடக்க ஒன்றுமில்லாத இடத்தில் பாலத்துக்கும் வேலையில்லை. கல் விளக்கு ஒன்று வேண்டுமானால் ஓராண்டு கழித்து, இடம் கேட்கிறதா என்று பார்த்து வையுங்கள். அந்தப் பணத்தைக் கல்லுக்கும் கல் இறக்கும் கூலிக்கும் மாற்றுங்கள்.

கல்லும் படுகையும் மாசி முதல் சித்திரைக்குள் முடிந்தால் மண் உலர்ந்திருக்கும், இடித்தால் கெட்டிப்படும். செடிகளை ஆனியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நடலாம். கூரைத் தண்ணீர் நேரே சரளையில் விழுந்தால் ஒரே மழையில் குழி பறித்துவிடும். அந்தக் கோட்டில் ஓரடி அகலத்துக்குக் கூழாங்கல் பட்டை போடுங்கள். பராமரிப்பு என்பது தினம் ஐந்து நிமிடம் சருகை கையால் பொறுக்குவது, வாரம் அரை மணி நேரம் களையும் வாரியும். சருகு மட்கிச் சரளைக்குள் இறங்கிவிட்டால் அது மண், மண்ணில் களை வரும். அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. என்ன செய்தாலும் மூன்று நான்கு ஆண்டில் தூசு சேர்ந்து சரளை கனத்துப்போகும். அப்போது முழுவதையும் வாரி எடுத்துச் சலித்துக் கழுவித் திரும்பப் போட வேண்டும், இரண்டு ஆளுக்கு ஒருநாள் வேலை. நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதது பின்சுவரின் அடித்தளம் மட்டும். அது பழைய மண்சாந்துச் சுவராக இருந்தால், தலைமைக் கல்லின் குழியைத் தோண்டுவதற்கு முன் ஒரு மேஸ்திரியை வரவழைத்துக் காட்டிவிடுங்கள்.